இம்பிளான்ட் வைத்தால் மார்பகம் தூக்கி நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகள், இருவருக்கும் ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுத்தேன். சின்னவளுக்கு இப்போது ஆறு வயது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டுவிட்டேன். போன வருடம் சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, 78 கிலோவிலிருந்து 64-க்கு வந்தேன். எடை குறைந்ததில் சந்தோஷம். ஆனால் மார்பகங்கள் இரண்டும் வற்றித் தொங்கிவிட்டன. காம்பு தரையைப் பார்க்கிறது. அடியில் வேர்த்து வேர்த்துப் புண்ணாகிறது. ப்ரா போட்டுவிட்டால் எதுவும் தெரியாது. ஒரு கிளினிக்கில் “இம்பிளான்ட் வைத்தால் தானாகத் தூக்கிவிடும், தழும்பே தெரியாது” என்றார்கள். இன்னொரு மருத்துவர் “இம்பிளான்ட் வேண்டாம், நங்கூர வடிவில் வெட்டித் தைக்க வேண்டும்” என்கிறார். யார் சொல்வது சரி? இம்பிளான்ட்டால் புற்றுநோய் வருமா? என் பெரியம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறேன். எத்தனை நாள் லீவு போட வேண்டியிருக்கும்?
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: உங்களுக்கு இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடந்திருக்கின்றன. உள்ளே இருந்த கொழுப்பும் சுரப்பித் திசுவும் குறைந்துவிட்டன. அவற்றைப் போர்த்தியிருந்த தோல் அதே அளவுக்குச் சுருங்கவில்லை. முன்னது அளவுக் குறைவு, பின்னது தொய்வு. இம்பிளான்ட் என்பது மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கான் பை. அது அளவைக் கூட்டும், தொய்வைத் தூக்காது. தொங்குகிற பையில் இன்னும் ஒரு படி அரிசியைக் கொட்டினால் பை மேலே ஏறிவிடுமா? கிளினிக்கில் சொன்னது மிக லேசான தொய்வு உள்ளவர்களுக்கு ஓரளவு பொருந்தும். காம்பு தரையைப் பார்க்கும் நிலையில் பொருந்தாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது மருத்துவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அளந்து பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது.

முதல் அளவை வீட்டிலேயே பார்க்கலாம். ப்ரா இல்லாமல், கைகளைத் தொங்கவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மார்பகம் நெஞ்சோடு சேரும் அடிமடிப்பில் ஒரு ஸ்கேலைக் கிடைமட்டமாக வையுங்கள். காம்பு ஸ்கேலின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்தால் முதல் நிலைத் தொய்வு. ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை. அதற்கும் கீழே போய், மார்பகத்தின் அடிநுனியிலேயே காம்பு இருந்தால் மூன்றாம் நிலை. 1976-ல் ரெனோ என்ற மருத்துவர் வகுத்த இந்த அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். காம்பு மடிப்புக்கு மேலேயே இருக்க, கீழ்ப்பாகம் மட்டும் சரிந்திருப்பதும் உண்டு. அது போலித் தொய்வு. அதற்கான வைத்தியம் வேறு. மருத்துவர் இதோடு கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரையும், காம்பிலிருந்து மடிப்பு வரையும் டேப் பிடித்து அளப்பார். இளவயதில் கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரை ஏறக்குறைய 19 முதல் 21 சென்டிமீட்டர் இருக்கும். இது 27, 28 என்று போயிருந்தால், தோலை வெட்டாமல் தூக்குகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கிரீம், எண்ணெய், நூல் வைத்துத் தூக்குவது எல்லாம் இதில் சேர்த்திதான். உடற்பயிற்சி நல்லதுதான். ஆனால் தசை மார்பகத்துக்குப் பின்னால் இருக்கிறது. மார்பகத்துக்குள் இழுத்துப் பிடிக்கத் தசை கிடையாது.

“ப்ரா போட்டுவிட்டால் எதுவும் தெரியாது” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகம் சொன்ன வரி அதுதான். பேட் வைக்காத மெல்லிய காட்டன் ப்ரா ஒன்றைப் போட்டு, பட்டையைச் சரிசெய்து, மார்பகத்தை இருக்கவேண்டிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கப் நிறைகிறதா? சட்டைக்குள் அந்த அளவு உங்களுக்குப் போதுமா? போதும் என்றால் தூக்கித் தைத்தாலே வேலை முடிந்தது, இம்பிளான்ட் தேவையில்லை. கப்பின் மேல்பாதி சுருங்கிக் காலியாக நின்று, அந்தக் காலி இடம் உங்களை உறுத்தினால்தான் அளவைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டும்.

இம்பிளான்ட் இல்லாமல் தூக்குவது எப்படி என்று பார்ப்போம். காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வளையமாகத் தோலை எடுத்துத் தைப்பது ஒரு முறை. தழும்பு வட்டத்தின் ஓரத்திலேயே மறைந்துகொள்ளும் என்பதால் எல்லோருக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் இதில் காம்பை ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. பெரிய தொய்வில் வலிந்து செய்தால் மார்பகம் தட்டையாகும், கருவட்டம் நாளடைவில் அகன்று விரியும், சுற்றிலும் சுருக்கம் விழும். அடுத்தது, வட்டத்தோடு அங்கிருந்து நேர்கீழே மடிப்பு வரை ஒரு கோடு. குச்சி மிட்டாய் வடிவம் என்பார்கள். இரண்டாம் நிலைக்கும், தோல் அதிகம் உபரியாக இல்லாத மூன்றாம் நிலைக்கும் இது போதும். மூன்றாவது, அதோடு மடிப்பின் நெடுகே ஒரு கிடைக்கோடு சேரும் நங்கூர வடிவம். எடை குறைந்து தோல் எல்லாப் பக்கமும் உபரியாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வேண்டியிருக்கும். கிடைக்கோடு மடிப்புக்குள் போய்விடும், நிற்கும்போது தெரியாது. வெளியே தெரிவது வட்டத்துக்குக் கீழே இறங்கும் அந்த ஐந்தாறு சென்டிமீட்டர் நேர்கோடுதான். ஆகவே நங்கூரம் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். குறைந்த தழும்புக்கு ஆசைப்பட்டுக் கோணலான வடிவத்தை வாங்கிக்கொள்வதுதான் இந்த அறுவை சிகிச்சையில் நான் அதிகம் பார்க்கும் வருத்தம்.

அறுவை சிகிச்சை அன்று காலை, மயக்க மருந்துக்கு முன்பு, உங்களை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடும். அதனால் படுக்கவைத்துப் போடும் கோடு நம்பத் தக்கதல்ல. அடிமடிப்பு எங்கே இருக்கிறதோ அதன் மட்டத்தை முன்பக்கம் கொண்டுவந்து, அங்கே காம்பின் புது இடத்தைக் குறிப்பார்கள். காம்பு ஒரேயடியாக மேலே போய்விட்டால் திரும்பக் கீழே கொண்டுவருவது மிகக் கடினம். ஒரு சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால் பின்னால் எளிதாகத் திருத்தலாம். நிதானமான மருத்துவர் எப்போதும் சற்றுத் தாழ்வாகவே குறிப்பார். காம்பை வெட்டி எடுத்து ஒட்டுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். வழக்கமான லிஃப்டில், அதாவது தூக்கித் தைக்கும் சிகிச்சையில், அப்படி இல்லை. ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள ஒரு திசுத்துண்டோடு சேர்த்தே அதை மேலே நகர்த்துகிறோம். பிறகு உபரித் தோலை எடுத்து, சரிந்த சுரப்பித் திசுவின் இரு பக்கத் தூண்களையும் நடுவில் சேர்த்து உள்தையல் போடுகிறோம். வடிவத்தைத் தாங்குவது இந்த உள்தையல்தான். வெறும் தோலை இழுத்து மட்டும் கட்டினால் சில மாதங்களில் திரும்பச் சரியும். வயிற்றிலும் மார்பிலும் பிரசவ வரிகள் அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம் சரியும், ஏனென்றால் அந்தத் தோலின் மீள்தன்மை ஏற்கெனவே போய்விட்டது. தைக்கும் முன் மேஜையின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, உட்கார்ந்த நிலையில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மொத்தம் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும்.

உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கீழே சரிந்து கிடக்கும் திசுவை வெட்டி எறியாமல், அதன் மேலுள்ள தோலின் மேற்படலத்தை மட்டும் நீக்கிவிட்டு, அந்தத் திசுவை மேல்பாதியின் அடியில் மடித்துச் செருகி நெஞ்சுச் சுவரோடு தைப்பது. சொந்தத் திசுவே இம்பிளான்ட்டின் வேலையைக் கொஞ்சம் செய்யும். இரண்டாவது மருத்துவரிடம் இதைச் செய்வாரா என்று கேளுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பின்னால் ஏமாற்றமாக இருக்கும்: இம்பிளான்ட் இல்லாத லிஃப்டில் முதல் சில வாரங்கள் மேல்பாகம் புடைப்பாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் அது தணிந்து, இயல்பான சரிவுக்கு வந்துவிடும். விளம்பரப் படங்களில் தெரியும் அந்த மேல்புடைப்பு நிரந்தரமாக வேண்டும் என்றால் லிஃப்ட் மட்டும் அதைத் தராது.

மேலே கொஞ்சம் நிரப்பு வேண்டும், ஆனால் சிலிக்கான் வேண்டாம் என்பவர்களுக்குக் கொழுப்பு ஏற்றுவது உண்டு. வயிறு, தொடையிலிருந்து உறிஞ்சி எடுத்த கொழுப்பைச் சிறுசிறு இழையாக ஊசி வழியே வைப்போம். வைத்ததில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். மீதியை உடல் கரைத்துவிடும். கூடுதல் வேண்டுமானால் மூன்று நான்கு மாதம் கழித்து இன்னொரு தடவை. நின்ற கொழுப்பு உங்கள் உடல் கொழுப்பேதான். இன்னும் ஐந்து கிலோ இளைத்தால் அதுவும் சேர்ந்து இளைக்கும். கரையாமல் இறந்த கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் புள்ளியாகவோ மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் தெரியலாம். படம் பார்க்கும் மருத்துவரிடம் கொழுப்பு ஏற்றியதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும்.

இனி இம்பிளான்ட்டோடு சேர்த்துத் தூக்குவது. மருத்துவருக்கு இது தனித்தனி இரண்டு சிகிச்சைகளைவிடக் கடினமான வேலை. காரணம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. லிஃப்ட் தோலை இறுக்குகிறது. இம்பிளான்ட் அதே தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. நடுவில் தையல் மாட்டிக்கொள்கிறது. காயம் பிரிவது, தழும்பு அகலமாவது, காம்புக்கு ரத்த ஓட்டம் குறைவது எல்லாம் இதில் தனி லிஃப்டைவிட அதிகம். மறு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் அதிகம். ஒரே தடவையில் செய்வதாக இருந்தால், முதலில் இம்பிளான்ட்டை வைத்து, தோலைத் தற்காலிகத் தையலால் மடித்துப் பிடித்து, உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் தோலை வெட்ட வேண்டும். முன்கூட்டியே போட்ட கோட்டில் தோலை வெட்டிவிட்டு அப்புறம் இம்பிளான்ட்டைத் திணித்தால் மூட முடியாமல் போகும். அளவும் அடக்கமாக இருக்க வேண்டும். 250 சிசி பை கிட்டத்தட்ட கால் கிலோ. தளர்ந்த தோலில் 400 சிசி வைத்தால் அந்த எடையே இரண்டு மூன்று வருடத்தில் திரும்ப இழுத்துவிடும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மார்பின் மேல்பகுதியைக் கிள்ளிப் பார்த்து இரண்டு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லையென்றால், மேல்பாதியாவது தசைக்கு அடியில் போக வேண்டும். இல்லாவிட்டால் பையின் விளிம்பும் அலையும் வெளியே தெரியும். தசைக்கு அடியில் வைத்துவிட்டுத் தளர்ந்த சுரப்பியை அப்படியே விட்டாலோ வேறு தொல்லை: பை மேலே நிற்கும், திசு அதன்மேல் அருவி மாதிரி வழியும். தூக்காமல் இம்பிளான்ட் மட்டும் வைத்துக்கொண்டவர்களிடம் அடிக்கடி காண்பது இதைத்தான். இதுபோக, உடல் எந்த இம்பிளான்ட்டைச் சுற்றியும் ஓர் உறை போடும். சிலருக்கு அந்த உறை இறுகிக் கல்லாகும், வலிக்கும். அப்போது உறையோடு எடுக்க வேண்டும். இம்பிளான்ட் ஆயுள் முழுவதற்கும் ஆனதல்ல. உங்கள் வயதில் வைத்தால் வாழ்நாளில் ஒரு தடவையாவது மாற்றவோ எடுக்கவோ வேண்டியிருக்கும் என்று நினைத்தே முடிவெடுங்கள். சிலிக்கான் பை உள்ளுக்குள் சத்தமில்லாமல் கிழியக்கூடும். அதனால் வலி, மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் முதல் முறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தச் செலவை யாரும் பேக்கேஜில் சேர்த்துச் சொல்வதில்லை.

புற்றுநோய்க் கேள்விக்கு வருகிறேன். நாம் வழக்கமாகச் சொல்லும் மார்பகப் புற்றுநோயை இம்பிளான்ட் கூட்டுவதில்லை. ஆனால் இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள உறையில் வரும் ஒரு வகை லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) இருக்கிறது, பி.ஐ.ஏ-ஏ.எல்.சி.எல் என்பார்கள். அரிதானது. பெரும்பாலும் சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்பிளான்ட்டுகளோடு தொடர்புடையது. இதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்பிளான்ட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் நீர்கோத்து வீங்கினால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். இன்று இம்பிளான்ட் வைப்பதானால் வழவழப்பான வகையா என்று கேளுங்கள். பெட்டியின் சீலைப் பிரிக்காமல் காட்டச் சொல்லி, வரிசை எண் உள்ள ஸ்டிக்கரை வாங்கி ஃபைலில் ஒட்டி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இம்பிளான்ட்டைவிடப் பெரியம்மாவின் 44 வயதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. மாதவிடாய் நிற்கும் முன்பே வந்த மார்பகப் புற்றுநோய் அது. உங்கள் அம்மா, பாட்டி, சித்தி வழியில் வேறு யாருக்காவது மார்பகம், சினைப்பை, கணையத்தில் புற்றுநோய் வந்ததா என்று விசாரியுங்கள். மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்த்து, பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு மாற்றத்தைத் தேடும் பி.ஆர்.சி.ஏ சோதனை தேவையா என்று கேளுங்கள். பெரியம்மா இருந்தால் முதலில் அவருக்குச் செய்வதே தெளிவான பதில் தரும். மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தால் திட்டம் முழுவதுமே மாறும். அழகுக்காகத் தைத்த மார்பகத்தை இரண்டு வருடம் கழித்து நோய்த் தடுப்புக்காக எடுக்க நேரும் நிலை வேண்டாம். அதோடு அறுவைக்கு முன் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுங்கள். வெட்டி எடுக்கும் திசு கொஞ்சமாக இருந்தாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒரு படம் எடுத்து வைத்தால், உள்தழும்பையும் கட்டியையும் பின்னால் குழப்பிக்கொள்ளாமல் இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் என் யோசனை இது: முதலில் இம்பிளான்ட் இல்லாமல், சொந்தத் திசுவை மடித்துச் செருகும் லிஃப்ட். ஒரு வருடம் பொறுங்கள். அதன்பிறகும் மேல்பாகம் காலியாகத் தெரிந்தால் கொழுப்போ சிறிய இம்பிளான்ட்டோ தனியாக வைத்துக்கொள்ளலாம். அப்போது தோல் படிந்திருக்கும், காம்பின் ரத்த ஓட்டம் நிலைத்திருக்கும். இப்படிப் பிரித்துச் செய்பவர்களில் பலர் இரண்டாவது கட்டத்துக்கு வருவதே இல்லை.

நாள் குறிக்கும் முன் எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நிற்க வேண்டும். மடிப்பில் உள்ள புண்ணை முதலில் ஆற்றுங்கள். பெரும்பாலும் அது வேர்வையில் வளரும் பூஞ்சை. குளோட்ரிமசோல் கிரீம் இரண்டு வாரம் போட்டு, இடத்தை உலர்வாக வைத்தால் போதும். மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த கிரீமை எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டாம், தோலை மெலியவைத்துவிடும். அதே இடத்தில்தான் தையல் வரப்போகிறது. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், முன்னும் பின்னும் நான்கு வாரம் அறவே கூடாது. நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும். காம்பு கருத்துப்போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், வைட்டமின் இ, மீன் எண்ணெய் மாத்திரை எது எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லீவு: மேஜை வேலையென்றால் பத்து நாள் கழித்துப் போகலாம், பஸ்ஸிலோ ஆட்டோவிலோ. ஸ்கூட்டருக்கு மூன்று வாரம் பொறுங்கள். குலுக்கலைவிட, திடீர் பிரேக்கில் இரண்டு கையும் ஊன்றுவதுதான் தையலை இழுக்கும். சென்டர் ஸ்டாண்ட் போடுவது, தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஆறு வாரத்துக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது; நைட்டி, முன்பக்கம் பட்டன் உள்ள சட்டை வாங்கி வையுங்கள். அறுவைக்குப் பிறகு தரும் ப்ராவை ஆறு வாரம் இரவும் பகலும் போட வேண்டும். மல்லாந்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி இறுகினாலோ, காம்பு நீலம் அல்லது கருப்பாக மாறினாலோ நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். முதல் நாளில் ரத்தம் கட்டியிருந்தால் உடனே எடுத்தாக வேண்டும்.

நங்கூரத் தையலில் அதிகம் பிரச்சினை தரும் இடம், நேர்கோடும் கிடைக்கோடும் சேரும் முனை. மூன்று ஓரங்கள் ஒரே புள்ளியில் சேர்வதால் இழுப்பு அதிகம், ரத்தம் குறைவு. இரண்டாம் வாரத்தில் அங்கே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிரிந்து ஈரமாவது சகஜம். பதறி மறுதையல் கேட்க வேண்டாம். சுத்தமான கட்டு போட்டுவந்தால் சில வாரங்களில் தானாக மூடும். கோடையில் மடிப்பில் வியர்வை தேங்கும் என்பதால், அவசரம் இல்லையென்றால் ஐப்பசிக்கு அப்புறம் நாள் குறிப்பது நல்லது. காம்பில் மரத்துப்போன உணர்வு சில மாதம் இருக்கும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. நம் நிறத் தோலில் தழும்பு தடிப்பதும் கருப்பதும் அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ உங்களுக்குக் கெலாய்டு (தடித்து வளரும் தழும்பு) வந்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். காயம் முழுதாக ஆறிய பிறகு சிலிக்கான் ஷீட்டை ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேலாக, குறைந்தது மூன்று மாதம் ஒட்டுங்கள். மூன்றாம் மாதத்தில் தழும்பு பார்க்க மோசமாகத்தான் இருக்கும். மங்குவதற்கு ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும்.

மருத்துவரின் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச் அல்லது டி.என்.பி இருக்கிறதா என்று மருத்துவக் கவுன்சில் பதிவில் பாருங்கள். “காஸ்மெட்டிக் சர்ஜன்” என்ற பலகை மட்டும் தகுதி ஆகாது. உங்களைப் போன்ற தொய்வு உள்ளவர்களின் ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள், ஒரு மாதப் படங்கள் எதையும் சொல்லாது. மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்: மயக்க மருத்துவர், தியேட்டர், ப்ரா, பயாப்சி, ஜி.எஸ்.டி எல்லாம் உள்ளடக்கமா, திருத்தம் தேவைப்பட்டால் யார் செலவு என்று. அழகுக்கான சிகிச்சைக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பணம் தராது. பணம்தான் தடை என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையில் 2018-லேயே மார்பகச் சீரமைப்புக்கென இலவச சேவை தொடங்கினார்கள். வெளிநோயாளர் சீட்டு போட்டு, மேமோகிராம் ரிப்போர்ட்டோடு போய் விசாரிக்கலாம்.